நாப்பது அடி நடந்த கல்லு

"கல்லு நடக்குமா மேடம்?"

காலைல ஒம்பது மணிக்கு ஒரு சர்ச்சு பின்னாடி கூட்டினு போயி யாராவது உங்ககிட்ட இப்டி கேட்டா இன்னா பண்ணுவீங்க? நான் பைக் சாவிய தேடினேன். ஜினமதி மேடம் நோட்ட தொறந்தாங்க. அதான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

மேடத்த பத்தி ஜல்தியா சொல்லிர்றேன். வந்தவாசி பக்கத்துல ஒரு ஜைன கிராமம். பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக பொய் க்ளெய்ம் புடிச்சிகினு இருந்தாங்க. எரிஞ்ச லாரிய மோந்து பாத்தே அது தானா எரிஞ்சுதா, முதலாளி எரிச்சாரானு சொல்லிருவாங்க. இப்போ ஆரணில பட்டுக்கடைக்கு மேல மாடில ஆபீசு. வெங்காயம் சாப்ட மாட்டாங்க, பூண்டு சாப்ட மாட்டாங்க, யாரு எது சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நான் தென்னரசு. அவங்க சாப்டாத எல்லாத்தையும் சாப்டறவன். வேல, அசிஸ்டன்ட்.

எதிர்ல நின்னவங்க லீலாம்மா. அம்பத்தேழு வயசு. கல்லுப்பேட்டை கடைசில இருக்கிற துரை சர்ச்ச பாத்துக்கிறவங்க. பெருக்கறது, மணி அடிக்கறது, கல்லறைங்கள கழுவறது எல்லாம் அவங்கதான். நாலு தலமொறையா அந்த குடும்பத்துக்கு இதே வேல. வீடும் சர்ச்சுக்கு பின்னாடியே.

"பொண்ணுக்கு பிரசவம்னு வேலூர் போயி இருவது நாளு இருந்துட்டேன் மேடம். நேத்து வந்து பாத்தா, என் வாசலுக்கு நேரா நின்ன கல்லு இங்க வந்து நிக்குது."

லீலாம்மா கை காட்டின எடம் சர்ச்சோட பின்செவுத்து கிட்ட. நெஞ்சு ஒசரத்துல ஒரு கறுப்பு கல்லு, பக்கத்துல ரெண்டு பூந்தொட்டியோட, போட்டோவுக்கு நிக்கிற மாப்ள மாதிரி நின்னுகினு இருந்துச்சு.

"எவ்ளோ தூரம் நடந்திருக்கும்?"ன்னாங்க மேடம்.

"நாப்பது அடி."

"உடம்புக்கு நல்லது. டாக்டர் சொல்லிருப்பாரு"ன்னேன். லீலாம்மா சிரிக்கல. அவங்க மூஞ்சிய பாத்ததும் எனக்கும் சிரிப்பு நின்னுருச்சு.

"தம்பி, அந்த கல்லு நடந்தா எனக்கு வீடு போவுது."

விஷயம் இதான். இந்த சர்ச்ச கட்டினவரு எவன் பிரிச்சர்ட்னு, ஆமா 'எவன்'ங்கிறது பேருதான், ஒரு பாதிரி. வேல்ஸ்ங்கிற ஊர்ல இருந்து வந்தவரு. அவரு செத்தப்புறம் அவரு ஞாபகமா இந்த கல்ல நட்டு, அவரு புள்ள ஒரு கடுதாசி எழுதி வச்சிட்டு போயிட்டாரு. 'இந்த கல்லுல இருந்து வடக்க அறுபது அடி, கோயில பாத்துக்கிற குடும்பத்துக்கு, என்னைக்கும்.' கல்லு பழைய எடத்துல நின்னா லீலாம்மா வீடு முழுசா அந்த அறுபது அடிக்குள்ள வருது. இப்போ நிக்கிற எடத்துல இருந்து அளந்தா, வாசப்படியோட முடிஞ்சிருது. வீடு வெளில.

"சர்ச்சு கமிட்டி கல்யாண மண்டபம் கட்டப் போவுது. கடுதாசிப்படி உள்ள இருந்தா இருங்க, வெளில இருந்தா காலி பண்ணுங்கனு தீர்மானம் போட்டுட்டாங்க. இன்னைக்கு பதினோரு மணிக்கு சர்வேயர் வராரு."

மேடம் வாட்ச்ச பாத்தாங்க. ஒம்பது பத்து.

"போட்டோ எதுனா இருக்குதா?"

"வர்றவன்லாம் சர்ச்சு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துகினு போறான். பின்னாடி இருக்கிற கல்ல யாரு எடுக்கறா?"

நான் போன்ல சாட்டிலைட் மேப்ப பெருசு பண்ணி பாத்தேன். ரெண்டு பெரிய வேப்பமரம். கீழ கல்லு இருக்குதா கழுத இருக்குதானு அந்த மரத்துக்குதான் தெரியும்.

"தெருக்காரங்க?"

"'அங்கதான் எங்கயோ இருந்துச்சு'ங்கறாங்க. நான் சொன்னா, வீட்டுக்காக பொய் சொல்றேன்றாங்க."

மேடம் கல்லுகிட்ட குந்திகினாங்க. அடில புது சிமெண்டு. மேல மண்ணு தூவி மறைக்க பாத்திருக்கான் எவனோ. முன்பக்கம் இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்குது, ஆனா இங்கிலீஷ் இல்ல. போன காட்டினேன். வெல்ஷ் பாஷைன்னுச்சு. 'நினைவாக, எவன் பிரிச்சர்ட்.' கீழ நூத்தி அறுபது வருஷம் பழைய தேதி. பக்கத்துல அவரு சம்சாரத்தோட கல்லறை, அதுவும் அதே பாஷை. அதுக்கு போன் சொன்னது, 'இங்கே படுத்திருக்கிறார், மார்கெட் அம்மாள்.'

"அம்மா இங்க படுத்திருக்காங்க. ஐயா எங்க போயி படுத்தாரு?"ன்னேன்.

"வந்தவாசி போற வழில காலரா. அங்கயே பொதச்சிட்டாங்களாம்"ன்னாங்க லீலாம்மா.

"அப்போ இந்த கல்லுக்கு அடில யாரும் இல்ல." மேடம் அத்த நோட்டுல எழுதிகினாங்க. எதுக்கு எழுதறாங்கனு எனக்கு புரியல.

கல்லோட முதுகுப்பக்கம், முட்டி ஒசரத்துல, ஒரு வெரலு போற அளவுக்கு தேஞ்சிருந்துச்சு. முதுகுல முழுசா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். எழுத்து இருக்கிற பக்கம் மட்டும் தேயல.

"அது பாவு கட்டின தழும்பு. இதுக்கு பேரே பாவுக்கல்லுதான்"ன்னாங்க லீலாம்மா.

பாவுன்னா தறில நீளவாக்குல ஓடுற பட்டு நூலு. தறில ஏத்தறதுக்கு முன்னாடி தெருவுல முழு நீளத்துக்கும் இழுத்து கட்டி இழைய நேராக்குவாங்க. காம்பவுண்டுக்கு மேற்க இருக்கிற சந்துல பாவு விரிச்சவங்க எல்லாம் ஒரு முனைய இந்த கல்லுல கயித்தால கட்டியிருக்காங்க. நூறு வருஷத்துக்கு மேல. துரைக்கு நினைவுக்கல்லு, நெசவுக்கு முளக்குச்சி. இருவது வருஷமா அதுவும் நின்னு போச்சு.

"யாரு மேல சந்தேகம்?"

லீலாம்மா யோசிக்கவே இல்ல. "கோபிநாத். சந்துக்கு அந்தாண்ட பவர்லூம் ஷெட்டு வச்சிருக்கான் பாருங்க. ஆராதன நேரத்துல தறிய ஓட்டறான்னு மூணு புகார் குடுத்தேன். என் வீடு போனா அவன் லாரி நேரா ஷெட்டுக்குள்ள பூந்துரும்."

ஆளு இருக்கான். கோவம் இருக்குது. லாபம் இருக்குது. லாரியும் இருக்குது, கல்ல தூக்க. என்ன கேட்டா கேஸு முடிஞ்சிது, ரெண்டு இட்லி சாப்ட்டு போலாம். மேடம் என்ன எப்பயும் கேக்கறதில்ல.

"மொதல்ல அந்த கடுதாசிய பாக்கணும்"ன்னாங்க.

கடுதாசி சர்ச்சு செயலாளர் ராஜ்குமார்கிட்ட இருந்துச்சு. பாஸ்டர் மாசத்துக்கு ஒருவாட்டி வேலூர்ல இருந்து வராரு, மத்தபடி சாவி, ரிஜிஸ்டர் எல்லாம் இவருதான். நாப்பத்தஞ்சு வயசு, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளச் சட்ட. எங்கள பாத்ததும் பெஞ்சு தூசிய அவரே தொடச்சாரு. கடுதாசியயும் எடுத்து காட்டினாரு, லீலாம்மா சொன்ன அதே வாசகம்.

"வாங்கம்மா, வாங்க தம்பி. லீலாம்மாவுக்கு எதுனா நல்லது நடக்கணும். கமிட்டில அவங்களுக்கு ஓட்டு போட்ட ஒரே ஆளு நான்தான். முறையா அளந்துடலாம், நியாயம் நிக்கட்டும்னு சர்வேயர வரவழச்சதும் நான்தான்."

எனக்கு அவர ரொம்ப புடிச்சி போச்சு. மேடம் அவரு ஷூவ பாத்துகினு இருந்தாங்க. அவங்களுக்கு யாரையும் புடிக்காது.

உள்ள சின்ன சர்ச்சு. முப்பது பேரு உக்காந்தா மூச்சு முட்டும். செவுரு பூரா பித்தள தகடு. பிரிச்சர்டு துரையோட ரெண்டு கொழந்தைங்களுக்கு ஒண்ணு. ஜுரத்துல போன ஒரு பட்டாளத்துக்காரனுக்கு ஒண்ணு. இங்கயே செத்துப் போன சமையல்காரர் தேவசகாயத்துக்கும் ஒண்ணு இருந்துச்சு, அது மட்டும் தமிழ்ல. ராஜ்குமார் ஒவ்வொண்ணையும் படிச்சி காட்டினாரு.

"அவரு ஊரு சர்ச்சு மாதிரியே கட்டினாராம்மா. கோபுரம் கெடையாது, செவுத்து உச்சில ஒரு வளைவு, அதுல ஒரே மணி. ஊரு ஞாபகம் தாங்காம கட்டினதுன்றாங்க."

"பாவுக்கல்லு எப்ப இருந்து அந்த செவுத்தோரம் இருக்குது?"ன்னாங்க மேடம்.

"எப்பயும் அங்கதாம்மா. என் கல்யாணத்தப்பவே அங்கதான். போன மாசம் லேசா ஆடிச்சு, அடில கொஞ்சம் சிமெண்டு பூசினேன். எடத்த மாத்தல." சட்டுனு கொரல தாழ்த்திகினாரு. "நான் ஒருத்தர் மேல பழி போட மாட்டேன். ஆனா அந்த கோபிநாத் லாரி ராத்திரில ரிவர்ஸ் எடுக்கற சத்தம் நான் கேட்டிருக்கேன்."

எடத்த மாத்தலயாம், ஆனா லாரி சத்தம் கேட்டுச்சாம். எனக்கே லேசா நெருடிச்சு. இருந்தாலும் நல்ல மனுஷன், தடுமாறி பேசறாருனு விட்டுட்டேன். பேச்ச மாத்தலாம்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன்.

"ஏன் சார், வெளில எல்லா கல்லறையும் ஒரே பக்கம் பாத்துகினு இருக்குதே, அங்க டிவி எதுனா ஓடுதா?"

ராஜ்குமார் கோச்சிக்கல. மொகம் மலர்ந்து போச்சு. "கெழக்கு தம்பி அது. கடைசி நாள்ல எழுந்திரிக்கும்போது விடியற பக்கம் பாத்து எழுந்திரிக்கணும். அதனால இங்க எந்த கல்ல நட்டாலும் கெழக்க பாத்துதான் நடுவோம். எனக்கு கண்ண கட்டி விட்டாலும் கை அப்டிதான் நடும்."

மேடம் அத்தயும் எழுதிகினாங்க. லாரிய பத்தி ஒரு வார்த்த எழுதல. எனக்கு பேஜாரா போச்சு.

பத்து மணிக்கு கோபிநாத் ஷெட்டு. எட்டு தறி ஒண்ணா ஓடுது. உள்ள பேசணும்னா தொண்டைய கழட்டி எதிராளி காதுல வைக்கணும். கோபிநாத்துக்கு அம்பது இருக்கும். லுங்கி, காதுல பஞ்சு.

"சர்ச்சு கல்ல மாத்தினது யாருனு விசாரிக்கறோம்!"ன்னு கத்தினேன்.

"இன்னா?"

"கல்லு!"

"பல்லா?"

"நீங்கதான் கல்ல தூக்கிட்டீங்கனு சொல்றாங்க!"

இது மட்டும் சுத்தமா கேட்டுச்சு. "எவன்யா சொன்னது? நான் பாவு உருளையே தூக்கறதில்ல, இடுப்பு போயி ஆறு வருஷம் ஆவுது. போய்யா வெளில!"

"லாரி வச்சி தூக்கியிருக்கலாமே!"

"லாரி வாரத்துக்கு ஒருவாட்டி வரும், அதுவும் வாடக லாரி. இதுக்கெல்லாம் வருமா?" மேடம் பக்கம் திரும்பினாரு. "அம்மா, அந்த பொம்பள என் மேல மூணு புகார் குடுத்திருக்கு. கல்லு அங்க இருந்துச்சு இங்க இருந்துச்சுனு நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன். வீடு போனா போவட்டும்."

பாத்தீங்களா? மூஞ்சிலயே குத்தம். நான் மேடத்த பாத்து கண்ண காட்டினேன். மேடம் அவரு மூஞ்சிக்கு நேரா போன நீட்டினாங்க, கல்லோட முதுகுப்பக்கம் எடுத்த போட்டோ, அதுக்கு பின்னால காம்பவுண்டு செவுரு.

"சாட்சி வேணாம் கோபிநாத். ஒண்ணே ஒண்ணு. உங்கப்பா பாவு கட்டினது இந்த கல்லுலயா?"

வேண்டா வெறுப்பா பாத்தாரு. அப்புறம் போன வாங்கிகினாரு. வெரலால பெருசு பண்ணாரு. போயி ஒரு தறிய நிறுத்தினாரு. அடுத்தத நிறுத்தினாரு. எட்டும் நின்னுச்சு. அந்த அமைதில எனக்கு காது வலிச்சுது.

அப்புறம் சிரிச்சாரு பாருங்க. செவுத்த புடிச்சிகினு சிரிச்சாரு.

"எந்த தறுதலம்மா இத்த நட்டது?"

"ஏன்?"

"கயித்த கல்ல சுத்தி கட்டி இழுத்தா எந்த பக்கம் தேயும்? இழுக்கற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானே? தழும்பு சந்த பாத்துகினு நிக்குது. அப்போ பாவு கல்லுக்கு அந்தாண்ட, கெழக்க போயிருக்கணும். கெழக்க பத்தடில காம்பவுண்டு செவுரு. பாவ எங்க விரிக்கறது, செவுத்துக்குள்ளயா?"

நான் போன பாத்தேன். அவர பாத்தேன். என் சந்தேகப் பட்டியல்ல ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு, அந்த பேரு இப்போ கண்ணுல தண்ணி வர சிரிச்சிகினு இருந்துச்சு.

"அந்த செவுரு அப்புறமா கட்டினதா இருக்கலாம்ல?"ன்னேன், விடாம.

"செவுத்துல வருஷம் போட்டிருக்கு தம்பி. கல்லுக்கு பத்து வருஷம் முன்னாடி கட்டினது"ன்னாங்க மேடம்.

கோபிநாத் இன்னும் முடிக்கல. "எழுத்து சந்த பாத்து இருக்கும்மா. தழும்பு முதுகுல. எழுத்துல கயிறு படக்கூடாதுனு எங்கப்பா அடிச்சி சொல்லுவாரு. பன்னெண்டு வயசு வரைக்கும் தெனம் நான்தான் முடிச்சி போட்டேன். தூக்கத்துல எழுப்பினாலும் என் கை இத்த இப்டி திருப்பி நடாது."

"அது நின்ன எடத்த காட்ட முடியுமா?"

"நான் எதுக்கு வரணும்?"ன்னாரு. சொல்லிகினே காதுல இருந்த பஞ்ச எடுத்து பாக்கெட்ல போட்டாரு. "அந்த பொம்பளைக்காக வரல. எங்கப்பா கட்டின கல்ல எவனோ மடையன் திருப்பி வச்சிருக்கான். அத்த பாத்துகினு என்னால தறி ஓட்ட முடியாது."

பதினோரு மணிக்கு சர்வேயர் பச்சையப்பன் வந்துட்டாரு. கைல டேப்பு, கூட ரெண்டு ஆளு. ராஜ்குமார் குடை புடிச்சி கூட்டியாந்தாரு. லீலாம்மா அவங்க வாசப்படில நின்னாங்க. உக்காரல.

"கல்லுல இருந்து ஆரம்பிக்கலாமா?"ன்னாரு பச்சையப்பன்.

"அஞ்சு நிமிஷம்"ன்னாங்க மேடம். "கோபிநாத்துக்கு லீலாம்மாவ ஆவாது. ஊருக்கே தெரியும். அவரு ஒரு எடத்த காட்டினா நீங்க நம்புவீங்கல்ல?"

பச்சையப்பன் கோபிநாத்த பாத்தாரு, லீலாம்மாவ பாத்தாரு. "ரெண்டு பேரும் ஒரே பக்கமா? இந்த அதிசயத்துக்கு பத்து நிமிஷமே குடுக்கலாம்"ன்னாரு.

சந்து கடைசில கோபிநாத்தோட பழைய வீடு. செவுத்துல துருப்புடிச்ச ஒரு இரும்பு வளையம். நைலான் கயித்த அதுல கட்டினாரு.

"மூணு பொடவ பாவு இருவது கெஜம். முடிச்சிக்கு ஒரு கெஜம். ஒரு சாண் கூட கொறைய கட்ட முடியாது, பாவு தொங்கும்." இருவத்தோரு கெஜம் அளந்து, கயித்த இழுத்துகினு சந்தோட நேர்கோட்டுலயே நடந்தாரு. இடுப்பு வலிக்காரரு மாதிரியே இல்ல. கேட்டு வழியா காம்பவுண்டுக்குள்ள வந்தாரு. லீலாம்மா வாசலுக்கு நேரா, புதுசா வச்ச குரோட்டன்ஸ் பாத்தி நடுவுல கயிறு முடிஞ்சுது.

லீலாம்மா வாய பொத்திகினாங்க. அவங்க மொதல்ல இருந்து கை காட்டின எடம்.

"தோண்டக்கூடாது!" ராஜ்குமார் ஓடியாந்தாரு. "கல்லறத் தோட்டம் சார் இது. மனுஷங்க படுத்திருக்கிற எடம்."

"துரை வந்தவாசில படுத்திருக்காரு"ன்னாங்க மேடம். "கல்லுல நினைவுன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. இந்த எடத்துல யாரும் இல்ல, நீங்க வச்ச குரோட்டன்ஸ் தவிர."

பச்சையப்பன் கம்பிய வாங்கி அவரே குத்தினாரு. மண்ணு, மண்ணு, டங். ஆளுங்க ரெண்டடி தோண்டினாங்க. பழைய சுண்ணாம்புல சதுரமா ஒரு குழி. கல்லோட அடி அப்டியே உக்கார்ற மாதிரி. அளந்து பாத்தாங்க, நூல் பிசகல. குழிக்குள்ள கடப்பாற நெம்பின காயம் புதுசா வெள்ளையா தெரிஞ்சுது.

"அப்போ யாரோ மாத்திட்டாங்க!"ன்னாரு ராஜ்குமார். கொரல்ல அதிர்ச்சி நல்லா வந்துச்சு. "கோபிநாத், எடம் இவ்ளோ துல்லியமா தெரியுதே உனக்கு. எடுத்தவனுக்கு தானே தெரியும்?"

சே, நல்ல பாயிண்டுல்ல? எனக்கே ஒரு நொடி ஆடிருச்சு. கோபிநாத் கயித்த கீழ போட்டுட்டு முன்னாடி போனாரு. மேடம் குறுக்க வந்தாங்க.

"கோபிநாத் நட்டிருந்தா தழும்ப சரியா வச்சிருப்பாரு. அவரு கைக்கு வேற மாதிரி தெரியாது. இந்த கல்ல நட்டவருக்கு பாவு தெரியாது. ஆனா ஒரு விஷயம் அவரு கைல ஊறி போயிருக்கு. கல்லுன்னா கெழக்கு. நூத்தி அறுபது வருஷமா சந்த பாத்து, மேற்கு பாத்து நின்ன கல்லு. இது கல்லற இல்ல, யாரும் இதுல இருந்து எழுந்திரிக்க போறதில்ல. இருந்தும் அத்த பதறிப்போயி கெழக்க திருப்பி வச்சிருக்காரு. கண்ண கட்டி விட்டாலும் அப்டிதான் நடும்னு ஒருத்தர் சொன்னாரு சார். காலைல."

ராஜ்குமார் கல்ல பாத்தாரு. அது அவருக்கு முதுக காட்டிகினு விடியற பக்கம் பாத்து நின்னுச்சு.

"சர்ச்சுக்கு பல பேரு வராங்க. யாரு வேணா..."

"லீலாம்மா இல்லாதப்போ கேட்டு சாவி உங்ககிட்ட மட்டும்தான். லீலாம்மா இருவது நாளு ஊர்ல இல்ல. அடில சிமெண்டு பூசினது நான்தான்னு நீங்களே சொன்னீங்க."

"மண்டபம் ஊருக்காகதாம்மா கேட்டேன்"ன்னாரு ராஜ்குமார். வெள்ளச் சட்ட மொத மொறையா கசங்கின மாதிரி இருந்துச்சு. லீலாம்மா அவரையே பாத்துகினு இருந்தாங்க. அவரு போட்ட அந்த ஒரே ஓட்டுக்கு இவங்க தெனம் ஜெபம் பண்ணியிருக்காங்களாம், அப்புறமா சொன்னாங்க.

"குழில இருந்து அளக்கறேன்"ன்னு பச்சையப்பன் சொல்லிட்டாரு. வேற பேச்சே இல்ல.

டேப்பு ஓடுச்சு. இருவது அடில லீலாம்மா வாசப்படி. வீட்டோரமா போச்சு. நாப்பத்தொம்போதுல பின்செவுரு. வீடு முழுசா உள்ள. லீலாம்மா அப்போதான் படில உக்காந்தாங்க. கோபிநாத் வேற எங்கயோ பாத்துகினு, "யாராவது தண்ணி குடுங்கப்பா"ன்னாரு.

ஆனா டேப்பு நிக்கல. அம்பத்தினாலுல போயி ஒரு கதவுல முட்டுச்சு. போன வருஷம் ராஜ்குமார் நின்னு கட்டின கமிட்டி ரூமு. பெரிய பூட்டு.

"இன்னும் ஆறடி இருக்கு. தொறங்க சார், உள்ள அளக்கணும்"ன்னாரு பச்சையப்பன்.

"உள்ளயா?"

"கடுதாசில அறுபதுன்னு போட்டிருக்கே. இந்த ஆறடியும் அந்த அம்மாவோடதுதான்."

ராஜ்குமார் சட்டப் பாக்கெட்ட தேடினாரு. பேண்ட் பாக்கெட்ட தேடினாரு. சாவிய எடுத்து, யாரு மூஞ்சியும் பாக்காம, திண்டு மேல வச்சிட்டு திரும்பி நடந்தாரு.

லீலாம்மா எழுந்து வந்தாங்க. சாவிய தொடல.

"ராஜ்குமாரு."

நின்னாரு.

"கைல குடுப்பா."

ராஜ்குமார் திரும்பி வந்து, திண்டுல இருந்த சாவிய எடுத்து, லீலாம்மா உள்ளங்கைல வச்சாரு.